கடல்கட்டியும் கணினிப் போரும்

போர்ப்பாவனை மென்பொருள் என்பது நடக்காத ஒரு சண்டையைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கும் கருவி. களத்தின் வரைபடம், இரு தரப்புப் படைப்பிரிவுகள், ஆயுதம் எட்டும் தூரம், குறி தவறும் விகிதம், எரிபொருள், வெளிச்சம், அலையின் உயரம் என எண்ணாக எழுத முடிந்தவை எல்லாம் உள்ளே போகின்றன. யார், எப்போது, எங்கே வீழ்ந்தார் என்ற பட்டியல் வெளியே வருகிறது. ஒரே சண்டையை ஆயிரம் முறை நடத்தி, அந்த ஆயிரம் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பகுப்பாய்வுக் கருவிகளின் வேலை. இந்தியாவில் டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் டெல்லியில் அமைந்த ‘ஐசா’ என்ற ஆய்வகம் முப்படைகளுக்கும் இத்தகைய மென்பொருள்களை உருவாக்கியது. தரைப்படைக்கு ‘வார்டெக்’ என்ற போர்விளையாட்டு மையம் தனியாக உண்டு. குன்னூரை அடுத்த வெலிங்டன் பணியாளர் கல்லூரியில் இடைநிலை அதிகாரிகளுக்குப் போர்விளையாட்டு பாடத்தின் ஒரு பகுதி.

இது பொறியாளர்களின் விவகாரம் என்று தோன்றும். ஆனால் இக்கருவி எழுப்பும் முதல் கேள்வி தத்துவக் கேள்வி. நடக்காததை நடந்ததுபோல் நடத்திப் பார்ப்பதால் கிடைப்பது எந்த வகை அறிவு? குறி கேட்பதா, எண்ணிப் பார்ப்பதா, மனத்தைத் தேற்றிக்கொள்வதா? தூத்துக்குடிச் சீமையில் இந்த மூன்று வேலைக்கும் ஒரு காலத்தில் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். ஜக்கம்மாவின் பெயரால் குறி சொன்னவர் குடுகுடுப்பைக்காரர். முத்துப்பாரில் சிப்பியை மாதிரிக்கு எடுத்து எண்ணச் செய்தவர் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பின் மேற்பார்வையாளர். குளியாட்கள் கடலில் இறங்குமுன் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டியவர் கடல்கட்டி.

பாவனை என்ற சொல்லுக்கே சைவ சித்தாந்தத்தில் நீண்ட விவாதம் இருக்கிறது. பாம்பு கடித்தவனுக்கு முன் மந்திரவாதி தன்னைக் கருடனாகப் பாவிக்கிறான், விஷம் இறங்குகிறது என்பது சித்தாந்த நூல்கள் எடுத்துக்காட்டும் கருட பாவனை. அவன் கருடனாகிவிடவில்லை, கருடனின் பயனை மட்டுமே பெறுகிறான். பாவனையின் பயன் மெய், ஆனால் பாவிக்கப்பட்ட பொருளும் பாவிப்பவனும் ஒன்றல்ல. கணினிக்குள் மூழ்கும் கப்பலும் இப்படித்தான். அதனால் ஒரு கடற்படைக்குப் பயன் உண்டாகலாம். அது கப்பல் அன்று. இந்த எல்லையை மறக்கும்போதுதான் பாவனை பிசகுகிறது.

கணக்கின் வேர் ஆங்கிலேயப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1916இல் நூலாக வெளியிட்ட சமன்பாடுகளில் இருக்கிறது. ஒவ்வொருவரும் எதிரியில் எவரையும் சுட முடிகிற நவீனப் போரில், ஒரு படையின் வலிமை அதன் ஆள்தொகையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றார் அவர். சம திறமையுள்ள 1000 பேரும் 600 பேரும் மோதினால், 600 பேரும் அழியும்போது மறுபக்கத்தில் 800 பேர் எஞ்சுவார்கள். வாளுக்கு வாள், ஒருவருக்கு ஒருவர் என்று நடக்கும் பழைய சண்டையில் எஞ்சுவது 400 பேர்தான். அதே ஆட்கள், அதே திறமை. சண்டையின் வடிவம் மாறியதும் இறப்புக் கணக்கு தலைகீழாகிறது. ஜே. எச். எங்கெல் 1954இல் இவோ ஜிமா தீவுப் போரின் அன்றாட எண்களோடு இச்சமன்பாட்டை ஒப்பிட்டு, வியக்கத்தக்க பொருத்தம் இருப்பதாகக் காட்டினார். ஒரு தீவு, வெளியேற வழியில்லாத ஒரு படை, கரையிறங்கி நாள்தோறும் எண்ணிக்கை குறித்துவைத்த மறுபடை என்று கணக்குக்கு அவ்வளவு வசதியான போர் அது. எல்லாப் போரும் அப்படி அமைவதில்லை.

ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியை அந்தச் சமன்பாட்டின்முன் வைத்துப் பார்க்கலாம். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2 அன்று தப்பி வந்து, சில நாட்களுக்குள் அதே இடத்தில் மண்கோட்டையை எழுப்பினான். மார்ச் 31 அன்று கும்பினிப் படை நடத்திய தாக்குதல் பெருத்த இழப்போடு தோற்றது. கர்னல் அக்னியூ புதுப்படையும் பெரும் பீரங்கிகளும் கொண்டு வந்த பிறகு, மே 24 அன்று கோட்டை விழுந்தது.

லான்செஸ்டர் கணக்கு இதில் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆளும் பீரங்கியும் பெருகப் பெருகக் கோட்டை விழும் என்றே அது சொல்லியிருக்கும், அப்படியே விழுந்தது. கணக்கு தொடாத இடம் அதன் பிறகு வருகிறது. முற்றுகையில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தன் நினைவு நூலில் எழுதியிருக்கும் நிகழ்ச்சி அது. கோட்டை விழுந்த பின் களத்தில் மகனைத் தேடிவந்த ஒரு தாய், உயிர் ஊசலாடும் நிலையில் அவனைக் காண்கிறாள். தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி அவன் கேட்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவனைச் சுமந்து செல்கிறார்கள். தேடிவந்த எட்டயபுரத்து ஆட்கள் நெருங்கியபோது, வெள்ளைத் துணியால் மூடி, அம்மை போட்டுச் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்க்கத் துணியவில்லை. ஊமைத்துரை பிழைத்து மருது சகோதரர்களோடு சேர, போர் காளையார்கோயில் காடுகளில் அக்டோபர் வரை நீண்டது. சாகக் கிடந்த ஒரு பையனின் வாய்ச்சொல்லும் அம்மைக்கு அஞ்சிய ஒரு கூட்டத்தின் தயக்கமும் சேர்ந்து ஒரு போரின் ஆயுளை மாதக்கணக்கில் நீட்டின. எந்தச் சமன்பாட்டில் எந்தக் குறியீடு இதற்கு உரியது?

இந்தக் குறையை அறிந்தவர்களே அடுத்த தலைமுறைக் கருவிகளைக் கட்டினார்கள். 1990களில் அமெரிக்கக் கடற்படைப் பகுப்பாய்வு மையத்தில் ஆண்ட்ரூ இலாச்சின்ஸ்கி ‘ஐசக்’, பிறகு ‘ஐன்ஸ்டைன்’ என்ற மென்பொருள்களை எழுதினார். நியூசிலாந்துப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ‘மானா’வை உருவாக்கினார்கள். இவற்றில் படை என்ற ஒற்றை எண் கிடையாது. ஒவ்வொரு சிப்பாயும் தனி முகவர். தோழனை நோக்கிப் போகும் விருப்பம், எதிரியை விட்டு விலகும் விருப்பம், காயம்பட்டவனிடம் ஓடும் விருப்பம் என்று அவனுக்கு எடைகள் தரப்படும். கல்லூரி மாணவர்களும் பயன்படுத்தும் ‘நெட்லோகோ’ இதே வகையைச் சேர்ந்தது. தலைவனைக் காப்பாற்றும் விருப்பத்துக்கு ஓர் எடை கொடுத்தால் பாஞ்சாலங்குறிச்சித் தாயும் உள்ளே வந்துவிடுவாள் என்று ஒருவர் வாதிடலாம். வருவாள்தான், நடந்ததை முன்பே அறிந்தவர் எழுதினால். மென்பொருள் எழுதியவர் நினைத்திருக்கக்கூடிய வகைச் செயல்களை மட்டுமே முகவர்கள் செய்வார்கள். ராண்ட் நிறுவனத்தின் பால் டேவிஸும் டொனால்ட் புளூமெந்தாலும் 1991இல் ராணுவ மாதிரிகளின் அறிவியல் அடித்தளத்தை மணல் என்று வர்ணித்ததும் இதையொட்டிய கவலையால்தான். மேலே மாடி ஏற ஏற, கீழே இருப்பது மணல் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

பாஞ்சாலங்குறிச்சி மண்ணைப் பற்றிய கதை வேறொரு மாதிரியை முன்வைக்கிறது. வேட்டைநாய்கள் துரத்திய முயல் அந்த இடத்தை மிதித்ததும் திரும்பி நாய்களை விரட்டியது, அதனால் அங்கே கோட்டை கட்டினார்கள் என்பது வழக்கு. மென்பொருளுக்கு நிலம் என்பது ஏற்ற இறக்கமும் மறைவும் பார்வைத் தொலைவும்தான். வழக்கில் நிலம் வீரத்தையே மாற்றிவிடுகிறது. இதை வெறும் பழங்கதை என்று தள்ளுவதற்குமுன், வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததை நினைக்க வேண்டும். வலியறிதலில் இருப்பது ஏறக்குறைய லான்செஸ்டரின் கவலை. இடனறிதலோ சேற்றில் சிக்கிய யானையை நரி கொல்வதில் போய் முடிகிறது. வலிமை என்பது ஒருவனிடம் இருக்கும் சரக்கன்று, இடத்தோடு சேர்ந்து பிறப்பது என்ற தெளிவு அதில் உண்டு.

பாவனை மென்பொருளில் தத்துவத்துக்கு மிகவும் தீனி போடும் பகுதி தற்செயல் எண். குண்டு பட்டதா, தவறியதா என்பதைக் கணினி ஒவ்வொரு முறையும் பகடை உருட்டித் தீர்மானிக்கிறது. 1940களில் லாஸ் அலமோஸில் உலாமும் வான் நாய்மனும் வளர்த்த மாண்டே கார்லோ முறை இது. ஆனால் கணினியின் பகடை மெய்யான தற்செயல் கிடையாது. ‘விதை’ எனப்படும் ஓர் எண்ணிலிருந்து, திட்டமான விதிப்படி எண்வரிசை பிறக்கிறது. அதே விதையை மறுபடி கொடுத்தால் அதே குண்டு அதே சிப்பாயை அதே நொடியில் கொல்லும். களத்தில் நிற்கும் முகவருக்கு எல்லாம் விபத்து. வெளியே நிற்பவருக்கு எல்லாம் முன்பே முளைத்தது. விதை என்ற பெயர் தற்செயலாக அமைந்ததுதான் என்றாலும், வினையை விதைப்பு அறுப்பாகவே பேசிவந்த மொழியில் அது வேறொன்றையும் ஒலிக்கிறது.

பகுப்பாய்வாளர் இங்கே ஓர் உத்தியைக் கையாள்கிறார். இரண்டு திட்டங்களில் எது மேல் என்று அறிய, இரண்டையும் ஒரே விதைகளோடு ஓட்டுகிறார். முதல் திட்டத்துக்கு வந்த அதே அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் இரண்டாவதற்கும் வரும். எஞ்சும் வேறுபாடு திட்டத்தின் வேறுபாடு மட்டுமே. பழைய சொற்களில் சொன்னால், ஊழை அசையாமல் பிடித்துவைத்து ஆள்வினையை மட்டும் மாற்றிப் பார்ப்பது. திருக்குறளில் ஊழ் ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமை இன்னோர் அதிகாரம். முதலாவது விதியை மிஞ்சியது எதுவுமில்லை என்கிறது; இரண்டாவது விதியையும் முயற்சி புறங்காணும் என்கிறது. உரையாசிரியர்கள் பலவாறு இணக்கம் காண முயன்ற முரண் இது. வாழ்க்கையில் இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஒருவருக்கும் அதே ஊழ் இரண்டு முறை வாய்ப்பதில்லை, இரண்டாம் முறை வேறு முயற்சி செய்து பார்க்க. கணினிக்குள் மட்டும் அது வாய்க்கிறது. முரண் தீர்ந்துவிட்டது என்பதற்கில்லை. ஆனால் ஊழுக்கும் முயற்சிக்கும் பங்கு பிரிக்க வேண்டுமானால் என்ன தேவை என்பதையாவது இந்த உத்தி துல்லியமாகக் காட்டிவிடுகிறது: அதே விதியை மீண்டும் வரவழைக்கும் வல்லமை. அது மனிதருக்குக் கிடையாது.

குடுகுடுப்பைக்காரரோடு உள்ள வேறுபாடும் இங்கே தெளிவாகும். ஜக்கம்மா கட்டபொம்மனின் குலதெய்வம். அவள் பெயரால் விடியற்காலையில் சொல்லப்படும் வாக்கு ஒன்றே ஒன்று. அதற்கு மாற்று வாக்கு இல்லை. பாவனை மென்பொருள் ஒழுங்காகப் பயன்பட்டால் ஒற்றை வாக்கைச் சொல்லாது, பரவலைச் சொல்லும். ஆயிரம் ஓட்டத்தில் 730 வெற்றி, 270 தோல்வி. தோல்விகளில் பாதி முதல் அரை மணியில். கூட்ட அறையில் இருப்பவருக்கோ பரவல் பிடிப்பதில்லை. சராசரியை மட்டும் ஒரு பலகையில் எழுதிக் காட்டச் சொல்கிறார். அந்த நிமிடமே மென்பொருள் குடுகுடுப்பையாகிவிடுகிறது.

பகவத்கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் காண்பது, இன்னும் தொடங்காத போரின் முடிந்த காட்சி. பீஷ்மரும் துரோணரும் ஏற்கெனவே மாண்டிருக்கிறார்கள், நீ கருவியாக இருந்தால் போதும் என்கிறான் கண்ணன். பற்றற்ற செயலுக்கு அழைப்பாகப் பக்தர்கள் அதைப் படிப்பார்கள். அதே ஆறுதலைக் கணினியிடம் வாங்கிக்கொள்ளும் அதிகாரிக்கு அந்த உரிமை இல்லை. அர்ச்சுனன் கண்டது ஒரே காட்சி, காட்டியவன் எல்லாம் அறிந்தவன். மென்பொருள் காட்டுவது பல காட்சி, எழுதியவர் சம்பளம் வாங்கும் நிரலாளர். எனவே மாதிரி அப்படிச் சொன்னது என்ற விடை செய்தவரின் வினையை எடுத்துக்கொள்ளாது. எந்த எண்ணை உள்ளே இடுவது, எந்த எண்ணை விடுவது என்று தேர்ந்தபோதே வினை தொடங்கிவிட்டது.

பரதவர் கடற்கரையின் கத்தோலிக்க மரபிலிருந்து இதே கேள்வி வேறு கோணத்தில் எழுகிறது. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் அமைந்தபோது, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயராக இங்கே பொறுப்பேற்றார். அந்தத் திருச்சபையின் நீதிப்போர்க் கோட்பாட்டில், 1992 மறைக்கல்வி நூல் தொகுத்துள்ளபடி, இரண்டு நிபந்தனைகள் எண்ணைத் தேடுபவை. வெற்றிக்கு மெய்யான வாய்ப்பு இருக்க வேண்டும்; போரால் விளையும் தீமை, நீக்கப்படும் தீமையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அக்குவினாஸ் காலத்தில் இதை மனச்சான்றால் எடை போட்டார்கள். இன்று அந்த எடைக்கல்லைத் தருவதாக மென்பொருள் முன்வருகிறது. 730 வெற்றி மெய்யான வாய்ப்புத்தானே? ஆம், மாதிரியின் உலகத்தில். இரண்டாவது நிபந்தனையில் ஆபத்து இன்னும் கூடுதல். மன்னார் வளைகுடாவில் விடியும்முன் கிளம்பும் வள்ளங்களும் விசைப்படகுகளும் கடற்போர்ப் பாவனையில் ‘நடுநிலை இலக்குகள்’. அவற்றை எண்ணச் சொல்லி மென்பொருளுக்குக் கட்டளை இல்லாவிட்டால், அறிக்கையில் அவற்றில் இருப்பவர்களின் இழப்பு பூச்சியம் என்று வரும். எண்ணாத பூச்சியமும் எண்ணிக் கண்ட பூச்சியமும் தாளில் ஒரே வடிவம்.

தமிழின் மிகப் பழைய போர் மாதிரியான தொல்காப்பியப் புறத்திணையியல் இவ்விடத்தில் கணினியைவிட நேர்மையானது. ஆநிரை கவர்தல் வெட்சி, படையெடுப்பு வஞ்சி, முற்றுகை உழிஞை, நேர்க்களம் தும்பை, வெற்றி வாகை என்று போரை இலக்கணமாக வகுத்த அந்நூல், அதே வரிசையில் காஞ்சியையும் வைத்தது. காஞ்சி என்பது நிலையாமை. கணவனை இழந்தவளும் மகனைத் தேடும் தாயும் அதன் துறைகளில் வருகிறார்கள். அவர்கள் இல்லாமல் போர் என்ற பொருளின் வகுப்பு முடியாது என்று இலக்கணிகள் கருதினார்கள். இன்றைய மென்பொருளில் காஞ்சிக்கு அடுக்கு இல்லை. இருந்தால் வெல்ஷ் எழுதிய தாய்க்கு ஓர் இடம் கிடைத்திருக்கும்.

இனி முத்துச் சலாபம். சலாபம் கூறுவதற்குமுன், தொலையிரம் பார் போன்ற பார்களில் குளியாட்களை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வணிகர்களைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று கணக்கு வரும். கணக்கு தேறாவிட்டால் அவ்வாண்டு சலாபம் இல்லை. அரசுக்கு வருவாய் வேண்டும் என்பதற்காகச் சிப்பி சூல்கொள்ளாது. அந்தக் கணக்கின் மதிப்பு, அது ‘இல்லை’ என்று சொல்ல முடிந்ததில் இருந்தது.

கடல்கட்டியின் வேலை இதற்கு நேர்மாறு. அவர் வந்து கட்டாமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள். அதனால் ஆங்கிலேய அரசும் அவரைச் சலாபத்தில் வைத்துக்கொண்டது. இலங்கையின் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட், மன்னார்க் கரையின் அரிப்பில் தான் கண்டதை எழுதியிருக்கிறார். அப்போதைய தலைமைக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர்; மந்திரத்தின் பலன் மந்திரிப்பவரின் மதத்தைப் பொறுத்ததன்று என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. அன்று அவருக்கு உடல்நலமில்லாததால் ஒரு பதிலாளை அனுப்பியிருந்தார். தனக்கு அந்த மறைபொருள் தெரியாது, ஆனாலும் மேலவரின் பிரதிநிதியாகத் தான் வந்திருப்பதே போதும், சுறாக்கள் அதை மதிக்கும் என்று அந்தப் பதிலாள் சொன்னாராம். மாதிரியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் அதன் வரைபடங்களைக் காட்டி அவையை அமைதிப்படுத்தும் பலரும் இந்தப் பதிலாளின் வழித்தோன்றல்கள்தாம். அவரைக் கேலி செய்யவும் வேண்டாம். அச்சம் நீங்கினால்தான் குளி நடக்கும்; அது மெய்யான வேலை. ஆனால் மாதிரிச் சிப்பி எண்ணும் வேலையைக் கடல்கட்டியிடம் கொடுத்துவிடக் கூடாது.

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002இல் அமெரிக்கா நடத்திய ‘மில்லேனியம் சாலஞ்ச்’ சான்று. எதிரிப் படைக்குத் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற ஜெனரல் பால் வான் ரைப்பர், வானொலியை விட்டு மோட்டார் சைக்கிள் தூதர்களைப் பயன்படுத்தி, ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் ஒரு விமானந்தாங்கி உட்பட 16 கப்பல்களை மூழ்கடித்தார். நடத்தியவர்கள் கப்பல்களை மீண்டும் மிதக்கவைத்து விளையாட்டைத் தொடர்ந்தார்கள், ரைப்பர் விலகிக்கொண்டார். பயிற்சி தொடர வேண்டும் என்பது ஒரு நியாயம். ஆனால் மிதக்கவைத்த பிறகு கிடைத்த முடிவை, மூழ்கியதே இல்லை என்பதுபோல் வாசிப்பது பொய். மும்பைத் தாக்குதலுக்குப் பின் தமிழகக் கரையோரம் நடந்துவரும் ‘சாகர் கவச்’ ஒத்திகையிலும், ஊடுருவுவோராக நடிப்பவர்களில் பிடிபட்டவர்கள்தாம் மறுநாள் செய்தியாகிறார்கள். பிடிபடாமல் கரையேறியவரே காவலுக்கு அதிகம் கற்றுத்தருபவர்.

இத்துறையார் தங்களுக்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கு மூன்று படி கொண்டது. நிரல் எழுதியபடி ஓடுகிறதா என்று சரிபார்த்தல், ஓடுவது உலகத்தோடு ஒத்திருக்கிறதா என்று ஒப்புநோக்கல், குறிப்பிட்ட பயனுக்கு ஏற்றது என்று உரிய அதிகாரி ஏற்பளித்தல். மூன்றாவதில்தான் பொறுப்பு மனிதரிடம் திரும்புகிறது. அந்த ஏற்பு ஒரு பயனுக்கு மட்டுமே செல்லும். துறைமுகக் காவலுக்கு ஏற்கப்பட்ட மாதிரியைத் தீவு முற்றுகைக்கு எடுத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு சுறாவைக் கட்டுவோருக்குக் கூலியாகப் போனதாக எழுதுகிறார். அவர்கள் போட்ட கட்டு அந்தப் பகலுக்கு மட்டும். மாலையில் அவிழ்த்துவிடுவார்கள், மறுநாள் குளிக்கு மறுபடி கட்ட வேண்டும்.